வெள்ளைப் பொட்டலம்

போன வாரம் நம் காலை நடைக் கூட்டத்தில் இரண்டு சீட்டு எழுதி மடித்து என் முன்னால் நீட்டினீர்கள். ஒன்றில் சிறுமலை, இன்னொன்றில் மலையடிவாரப் பூங்கா. "இருக்குறதுலயே நீங்கதான் டீச்சர் மூத்தவுக, ஒண்ண எடுங்க, எது வருதோ அங்க போயிருவோம்" என்றீர்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். வற்புறுத்தியதும் எரிந்து விழுந்தேன். முழங்கால் வலி என்று சொல்லிவிட்டுப் பாதியிலேயே வீட்டுக்குத் திரும்பினேன். சீட்டு எடுக்க முழங்கால் எதற்கு என்று நீங்கள் சிரித்தது என் காதில் விழத்தான் செய்தது.

கோபம் உங்கள் மேல் இல்லை. நேரில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். நாம் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வயது. பத்து வயதில் செய்த குறும்பு என்று எதையாவது சொல்லி நீங்கள் அடிக்கடி சிரிப்பீர்கள். கிணற்றில் செருப்பைப் போட்டது, வாத்தியார் நாற்காலியில் பசை தடவியது. நானும் கூடச் சிரிப்பேன். என் கதையைச் சொல்லும்படி யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்துகொண்டேதான்.

அந்தப் பூங்காவை ஒட்டித்தான் எங்கள் ஊர். ஊர் என்று சொல்வதே அதிகம். முப்பது நாற்பது வீடு, ஒரு கருப்பசாமி கோயில், மிச்சமெல்லாம் பூந்தோட்டம். இதேபோல இன்னும் இரண்டு சிற்றூர்கள் சிறுமலை அடிவாரத்தில் கூப்பிடு தூரத்தில் இருந்தன. மூன்று ஊர் ஆடுமாடும் மேய்ந்துகொண்டிருந்த புறம்போக்கை அரசாங்கம் கம்பிவேலி போட்டு வளைத்துப் பூங்கா ஆக்கியபோது நான் ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். மேய்ச்சல் போனதில் பெரியவர்களுக்கெல்லாம் வயிற்றெரிச்சல். எங்களுக்கு ஒரே கொண்டாட்டம். ஊஞ்சலின் பச்சைப் பெயின்ட் காய்வதற்குள் ஏறி உட்கார்ந்து பாவாடையில் அப்பிக்கொண்டு அடி வாங்கினோம். சிமெண்டில் செய்த மான் ஒன்று இருந்தது. அதன் ஒரு கொம்பு முதல் வாரத்திலேயே எங்கள் உபயத்தில் காணாமல் போனது. நடைபாதையின் இரண்டு பக்கமும் வரிசையாக அரளி நட்டிருந்தார்கள். செவ்வரளி, ரோஸ் அரளி.

அத்தனை பெரிய பூங்காவுக்கும் காவலுக்கு ஒரே ஒருத்தர்தான். ஒட்டன்சத்திரத்துக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர். உள்ளேயே ஓர் ஒற்றை அறை வீட்டில் மனைவியோடு இருந்தார். வாய்க்கு வாய் 'ங்க' போட்டுப் பேசுவார். அதற்காகவே நாங்கள் அவரிடம் போய் வேண்டுமென்றே ஏதாவது கேட்டுவிட்டு, வேலிக்கு வெளியே வந்து அதே மாதிரி பேசிக் காட்டிச் சிரிப்போம். பார்க்கு மாமா என்பது நாங்கள் வைத்த பெயர். அவர் மனைவி நான் போனால் வறுத்த நிலக்கடலையை என் மடியில் கொட்டுவார். அந்தச் சூட்டில் தொடை சுடும். கடலைத் தோலை ஊதிக்கொண்டே ஊஞ்சலில் உட்கார்ந்திருப்பேன்.

எங்கள் ஊர்க் கிணறெல்லாம் உப்புத் தண்ணீர். பூங்காவில் அரசாங்கம் போட்ட குழாயில் நல்ல தண்ணீர் வந்தது. சட்டப்படி பின்வாசலைப் பூட்டித்தான் வைக்க வேண்டும். பார்க்கு மாமா வெறும் கொக்கியை மட்டும் மாட்டி வைப்பார். "ஆபீசர் வர்ற அன்னிக்கு மட்டும் பூட்டிப்போடறனுங்க. மத்த நாள்ல நீங்க பாட்டுக்கு வந்து புடிச்சுக்குங்க" என்று பெண்களிடம் சொல்லிவிட்டார். பின்வாசலுக்குள் குழாயும், வெட்டிப்போட்ட கிளை, குழையைக் கொட்டி எரிக்கிற ஒரு குழியும் இருந்தன. அந்த இடத்துக்கும் பூச்செடிகளுக்கும் நடுவே இன்னொரு கம்பிக் கதவு உண்டு. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடம் ஊர்ப் பொதுவில் கருப்பசாமிக்கு ஒரு கிடா நேர்ந்து விட்டிருந்தார்கள். காதில் ஒரு கீறல், கழுத்தில் வெண்கல மணி. வைகாசித் திருவிழா வரைக்கும் அதைக் கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது, விரட்டவும் கூடாது. யார் தோட்டத்தில் வாய் வைத்தாலும் சாமி சாப்பிடுகிறது என்று விட்டுவிட வேண்டும். சாமிக்கு எங்கள் தோட்டம் ரொம்பப் பிடித்துப்போனது. மார்கழியில் மல்லிகையின் பழைய கிளையை வெட்டிக் கவாத்து பண்ணி, மாசியில் இளந்தளிர் விடுகிற நேரம். அந்தத் தளிரில்தான் வருடத்துப் பூவே இருக்கிறது. கிடா தினமும் வந்து செடி செடியாக மொட்டையடித்தது. அப்பா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அம்மா ஒருநாள் அதன் முன்னால் போய்க் கும்பிட்டு, "சாமி, அந்தப் பக்கத்து வயலுக்கும் கொஞ்சம் போயிட்டு வாப்பா" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, தப்பாகப் பேசிவிட்டோமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதாள்.

அந்த அழுகையைப் பார்த்துத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. விரட்டத்தானே கூடாது, கூட்டிக்கொண்டு போகலாம் இல்லையா? ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அகத்திக் குழை ஒரு பிடி ஒடித்துக்கொண்டு கிடாவுக்கு முன்னால் காட்டிக்காட்டி நடந்தேன். பூங்காவின் பின்வாசல் வரைக்கும் மணியாட்டிக்கொண்டு வந்தது. குழையை உள்ளே எறிந்தேன். அதுவும் உள்ளே போனது. பெண்கள் தண்ணீருக்குக் காலையில்தான் வருவார்கள் என்பதால், கொக்கியை மாட்டிவிட்டு வந்துவிட்டேன். உள்கதவு சாத்தியிருந்ததால் பூங்காச் செடிக்கு ஒன்றும் ஆகாது. ஒரே ஒரு நாள் எங்கள் செடி தளிர் விடட்டும், காலையில் திறந்துவிட்டுவிடலாம். அவ்வளவுதான் என் கணக்கு. நான் ரொம்பப் புத்திசாலி என்று அன்றைக்கு எனக்கு நினைப்பு.

விடிந்ததும் ஓடினேன். மணிச் சத்தம் இல்லை. கிடா குழிக்குள் ஒருக்களித்துக் கிடந்தது. முந்தின வாரம் வெட்டிக் கொட்டிய அரளிக் குழை வதங்கிச் சுருண்டிருந்தது. அதில் ஒரு கொத்து அதன் வாயோரம் நீட்டிக்கொண்டிருந்தது. கால்கள் விறைத்திருந்தன. திறந்திருந்த கண்ணின் மேல் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. ஊதிப் பார்த்தேன். எறும்பு நகர்ந்தது, கண் இமைக்கவில்லை.

யாரையும் கூப்பிடவில்லை. குழிக்குள் இறங்கி, கிடந்த அரளிக் குழையையெல்லாம் வாரி இழுத்து அதன் மேல் போட்டு மூடினேன். கொம்பு தெரிந்தது. அதன் மேல் இன்னும் இரண்டு கிளை போட்டேன். வீட்டுக்கு வந்து பழைய சோற்றில் கையை வைத்து ஒரு வாய் எடுத்ததும் அப்படி ஒரு கசப்பு. துப்பிவிட்டு, மஞ்சள் தேய்த்துக் கையைக் கழுவினேன். அம்மா, "மஞ்ச எதுக்குடி, கல்யாணமா ஒனக்கு?" என்று கேலி பண்ணினாள்.

சனிக்கிழமைதான் பார்க்கு மாமா குழியை எரிக்கிற நாள். மத்தியானம் புகை எழும்பியது. நான் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். மயிர் பொசுங்குகிற நாற்றம் வேலி தாண்டி வந்தது. "எவுகளோ கோழி வாட்டுறாக போல" என்றாள் அம்மா. நான் குனிந்த தலை நிமிரவில்லை.

மூன்று நாளாகக் கிடாவைக் காணோம் என்று ஊர் தேடியது. தண்ணீர் பிடிக்கப் போன என் அம்மாதான் குழிச் சாம்பலில் கறுத்துப்போன மணியைப் பார்த்தாள். கிளறினால் கொம்பு, எலும்பு. அவள் போட்ட சத்தத்துக்கு மூன்று ஊரும் திரண்டது. மேய்ச்சலைப் பிடுங்கிக்கொண்ட கம்பிவேலி மேல் அதுநாள்வரை இருந்த கோபமெல்லாம் அன்றைக்கு ஓர் ஆள் மேல் போய் இறங்கியது. அது இப்போது புரிகிறது. அப்போது புரியவில்லை.

"சாமி கிடாய அறுத்துத் தின்னுப்புட்டு எலும்பக் கொளுத்திருக்கான்யா" என்றார் ஊர்ப் பெரியவர்.

"ஐயோ, இல்லீங்க. அது உள்ள வந்ததே எனக்குத் தெரியாதுங்க. குழி நெறையக் கொழை கெடந்துது, வழக்கம்போலத் தீ வெச்சனுங்க. அரளியக் கடிச்சுப்போட்டு உழுந்து கெடந்துச்சோ என்னமோங்க."

"ஆடு அரளியில வாய் வைக்குமாய்யா? பச்சப்புள்ளையக் கேளு, அது சொல்லும். அப்படியே செத்து உழுந்தாலும் கொழ தானா வந்து மூடிக்கிருச்சாக்கும்?"

பச்சை அரளியில் ஆடு வாய் வைக்காது என்பது உண்மைதான். வதங்கினால் கசப்பு குறைந்துவிடும், தின்றுவிடும், விஷம் மட்டும் அப்படியே இருக்கும் என்று ரொம்பக் காலம் கழித்து ஒரு கால்நடை மருத்துவர் என்னிடம் சொன்னார். ஆட்டோடு பிறந்து வளர்ந்த அத்தனை பெரியவர்களுக்கும் அன்று அது தெரிந்திருக்கவில்லை. தெரிந்த மாதிரி எல்லோரும் தலையாட்டினார்கள்.

பேச்சு முற்றியபோது பூசாரி, பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றார். உங்களுக்கெல்லாம் தெரிந்த வழக்கம்தான். ஒரே மாதிரி இரண்டு பொட்டலம், ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. சாமி முன்னால் வைத்து, விவரம் தெரியாத ஒரு பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் குற்றமில்லை, சிவப்பு வந்தால் குற்றம். பார்க்கு மாமா உடனே சம்மதித்தார். "சாமி சொன்னாச் சரிங்க" என்று கும்பிட்டார். அவர் முகத்தில் ஒரு தெளிவுகூட வந்தது.

"வெள்ள வந்தா இதோட விட்டுற மாட்டோம்" என்றார் ஊர்ப் பெரியவர். "எவன் செஞ்சான்னு வீட்டுக்கு வீடு பூக்கட்டிக் கேப்போம்."

எடுக்கிற பிள்ளையாக என்னைத்தான் சொன்னார்கள். அப்பாவுக்கு அதில் பெருமை. அம்மா தலைக்கு ஊற்றிவிட்டுப் புதுப் பாவாடை கட்டிவிட்டாள். "பயப்படாத தாயி, ஒங்கைய புடிச்சுச் சாமியே எடுக்கும்" என்றாள்.

எப்போதும் வெள்ளை அரளிதான் வைப்பார்கள். அன்றைக்கு அது கிடைக்கவில்லை. ஆடு வாய் வைக்காத மூலையில் நின்ற நாலைந்து செடியில் நான் காலையில் பறித்த மல்லிகை மொட்டையே பூசாரி வாங்கிப்போனார். செவ்வரளி பூங்காவிலிருந்து வந்தது. உச்சிப்பொழுதில் வாழையிலையில் மடித்து நாரால் கட்டி இரண்டையும் சாமி காலடியில் வைத்துவிட்டார்கள். அந்த நேரத்தில் மல்லிகை மொட்டுக்கு வாசம் இருக்காது. பொழுது சாயச் சாயத்தான் மொட்டு அவிழும். பூசாரிக்கு அது தோன்றவில்லை. பூவிலேயே பிழைக்கிற ஊரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சாமி காரியத்தில் மூக்குக்கு என்ன வேலை என்று இருந்துவிட்டார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு என்னை முன்னால் நிறுத்தினார்கள். சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது. பார்க்கு மாமா சட்டையைக் கழற்றிவிட்டு ஈர வேட்டியோடு நின்றார். அவர் மனைவி வாசற்படிக்கு வெளியே முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றார். நான் குனிந்தேன். இடது பக்கப் பொட்டலத்திலிருந்து எங்கள் தோட்டத்து வாசனை வந்தது. சந்தேகமே இல்லை. இலைக்குள்ளே மொட்டுகள் அவிழ்ந்துகொண்டிருந்தன.

என் கையைச் சாமி பிடிக்கும் என்று செத்த நேரம் காத்திருந்தேன். எதுவும் பிடிக்கவில்லை. வெள்ளை வந்தால் வீட்டுக்கு வீடு கேட்பார்கள், எங்கள் வீட்டுக்கும் வருவார்கள். அப்பா பெயருக்கு ஒரு பொட்டலம் கட்டுவார்கள். எனக்கு அந்த நினைப்பு ஒன்றுதான் ஓடியது. வலது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தேன். தெரிந்தே எடுத்தேன். பத்து வயசு, பயம், அறியாமை என்று எந்தச் சொல்லைப் போட்டாலும் இது மூடாது, நான் போட்டுப் பார்த்துவிட்டேன்.

பூசாரி பிரித்தார். செவ்வரளி.

கூட்டம் குலவையிட்டது. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டாள். "புள்ள கையி பொய் சொல்லுமா?" என்று யாரோ சொன்னது இன்றைக்கும் கேட்கிறது. பார்க்கு மாமா தன் உள்ளங்கை இரண்டையும் விரித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். சாமிக்கு நேரே விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து அவர் வீட்டுக்குப் பால் கொடுக்கக் கூடாது, கடையில் சாமான் கொடுக்கக் கூடாது என்று மூன்று ஊரிலும் கட்டுப்பாடு. பூங்கா வேலைக்குப் போன எங்கள் ஊர்ப் பெண்கள் நின்றுகொண்டார்கள். அதிகாரி வந்து பார்த்தார். சுற்றியிருக்கிற ஊரைப் பகைத்துக்கொண்டு அவரால் பூங்கா நடத்த முடியாது. தினக்கூலி ஆளை அனுப்ப ஒரு வார்த்தை போதும், சொல்லிவிட்டார். பார்க்கு மாமா கிளம்பும் வரைக்கும் அந்தப் பதினைந்து நாளும் பின்வாசலில் கொக்கிதான் மாட்டியிருந்தது. பால் கொடுக்காத பெண்கள் போய் நல்ல தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். நானும் ஒரு சின்னக் குடத்தோடு போனேன். அவர் பூட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இதற்கப்புறம் நான் கைராசிக்காரி ஆகிவிட்டேன். பெரிய மனுஷியாகும் வரைக்கும் மூன்று ஊரிலும் பூக்கட்டிப் பார்க்க என்னைத்தான் கூட்டிப் போவார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி எதையாவது எடுப்பேன். என் சித்திக்கு வந்த நல்ல வரன் ஒன்று அப்படித்தான் தட்டிப்போனது. அதற்கும் என்னைக் கும்பிட்டார்கள். பிறகு படித்து, வேலைக்குப் போய், முப்பது வருடம் வகுப்பறையில் நின்று "உண்மையைச் சொன்னா அடிக்க மாட்டேன்" என்று பிள்ளைகளை மிரட்டினேன். எந்த வாயால் அதைச் சொன்னேன் என்று நினைத்தால் கூசுகிறது.

நழுவிப் பார்த்தேன், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். பார்க்கு மாமா ஊரைவிட்டுப் போன நாளைச் சொல்லாமல் தாண்டி வந்துவிட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

சின்னாளப்பட்டிப் பள்ளிக்கூடத்துக்குப் போக நான் காலையில் மெயின் ரோட்டுக்கு நடந்து வந்தேன். அவர்கள் இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நின்றார்கள். ஒரு தகரப்பெட்டி, ஒரு சாக்கு மூட்டை. நான் புளியமரத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர் மனைவி பார்த்துவிட்டார். வா என்று கையசைத்து, மடியிலிருந்து ஒரு கை கடலை எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கு அது ஆறிப்போயிருந்தது.

பார்க்கு மாமா என் உயரத்துக்குக் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"ஏங் கண்ணு, உன்னைய ஒண்ணு கேக்கோணும். அன்னிக்கு மத்தியானம் நான் தீ வெச்சப்ப நீ உங்க தோட்டத்துலதான இருந்தே?"

தலையாட்டினேன்.

"கத்துன சத்தம் ஏதாச்சும் கேட்டுதா?"

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார்.

"நான் அறுக்கலை கண்ணு. சாமிக்கு அது தெரியும். அப்பறம் எதுக்குச் செவப்பு வந்துதுன்னு பதினஞ்சு நாளா ரோசன பண்ணிப் பாத்தேன். இப்பத்தான் வெளங்குச்சு. கொழைக்கு அடியில அது உசுரோட கெடந்திருக்கோணும். ஒரு குச்சியப் போட்டுக் கிண்டிப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். பாக்காமப் பத்த வெச்சுப்போட்டேன். உசுரோட கொளுத்திப்போட்டேன். அதத்தான் சாமி உங்கையில சொல்லியிருக்குது."

"விடுங்க, புள்ளகிட்டப் போயி" என்றார் அவர் மனைவி.

"இல்ல புள்ள, அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். சொல்லு கண்ணு. கேட்டுதா?"

கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். என் குட்டு உடையாமலே அதைச் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தையில் அந்த மனிதர் நிம்மதியாகப் பஸ் ஏறியிருப்பார். வாயைத் திறந்தால் மற்றதெல்லாம் கூடவே வந்து விழுந்துவிடும் என்று பயந்தேன். கடலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "தெரியல மாமா" என்றேன்.

அவர் மெதுவாக எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "சரீங்க கண்ணு, நல்லாப் படிங்க" என்றார். திண்டுக்கல் வண்டி வந்தது, அங்கே போய்த்தான் ஒட்டன்சத்திரம் பஸ் பிடிக்க வேண்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள்.

சீட்டுக் குலுக்க வேண்டாம். பூங்காவுக்கே போவோம், நானும் வருகிறேன். பின்வாசல் இருந்த இடத்தை உங்களுக்குக் காட்டுகிறேன். அவர் உயிரோடு இருந்தால் தொண்ணூறை நெருங்கியிருக்கும். ஒட்டன்சத்திரம் பக்கத்தில் உங்களில் யாருக்காவது சொந்தக்காரர்கள் இருந்தால் விசாரித்துப் பாருங்கள். அவரோ, அவர் பிள்ளைகளோ கிடைத்தால் நான் சொன்னதாக இதை மட்டும் சொல்லுங்கள். சத்தம் கேட்கவில்லை மாமா. நீங்கள் தீ வைக்கும்போது அது செத்துப்போயிருந்தது. கண்ணில் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது, நான் ஊதிப் பார்த்தேன். குழையை இழுத்து மூடியது நான்தான்.